மீட்டரக்கா தள்ளிவைத்த பேனல்கள்

பெற்றவர்கள் வைத்த பெயர் அந்தப் பட்டறையில் ஒருவருக்கும் ஞாபகமில்லை. மீட்டரக்கா என்று கூப்பிட்டால் மொட்டை மாடியிலிருந்து திரும்பிப் பார்ப்பாள். பதினாறு வருடமாகச் சின்னச் சின்ன சோலார் பேனல்களை வெயிலில் கிடத்தி, மீட்டரின் சிவப்புக் கம்பியையும் கறுப்புக் கம்பியையும் மாட்டிப் பார்த்து, தேறியதற்கு ஸ்டிக்கர் ஒட்டுவாள். தேறாததைச் சுவரோரம் தள்ளிவிடுவாள். அப்படி ஒரு கறார். முதலாளியே மேலே வந்தாலும், "தள்ளி நில்லுங்க சார், நிழல் விழுது" என்பாள். பேனலின் ஒரு மூலையில் கையகல நிழல் விழுந்தால் போதும், மொத்தக் கரண்டும் படுத்துவிடும்.

பதினைந்து நாளாக ஒரே ஆளின் பேனல்கள்தான் சுவரோரம் சேர்ந்தன. கீழே புதிதாகப் போட்ட கடைசி மேஜையில் சால்டரிங் செய்பவள் அவளுடைய ஓர்ப்படி, கொழுந்தனின் மனைவி. இரண்டு பேருக்கும் ஏற்கெனவே பேச்சு வார்த்தை கிடையாது. கேட்கவா வேண்டும், கைபட்டால் குற்றம் கால்பட்டால் குற்றம் என்று பட்டறையே முணுமுணுத்தது.

"வோல்ட் சரியாத்தானே இருக்கு?" என்று ஓர்ப்படி ஒருநாள் கேட்டே விட்டாள்.

"வோல்ட்டை வெச்சு என்ன பண்றது? ஆம்ப் வரல. சட்டியில இருந்தாத்தானே அகப்பையில வரும்."

சொன்னபோது மீட்டரக்காவுக்குக் கொஞ்சம் இனிக்கத்தான் செய்தது. இல்லை என்று சொன்னால் அது பொய்.

பதினான்காவது பேனலும் சுவரோரம் போனதும் முதலாளி பொறுமை இழந்தார். "மதியம் கடைசியா ஒருதடவை பாருங்க. தேறலைன்னா நாளையிலேருந்து அவங்க வர வேண்டாம்."

இனிப்பெல்லாம் அந்த நிமிடமே போய்விட்டது. கொழுந்தன் வேலையில்லாமல் வீட்டோடு இருக்கிறான். அந்த வீட்டு அடுப்பு ஓர்ப்படியின் சம்பளத்தில்தான் எரிகிறது. "பழி என் மேல வேண்டாம், நீயே வந்து கூட நில்லு" என்று ஓர்ப்படியை மாடிக்கு அழைத்தாள்.

திட்டு வாங்கக் கூடாதென்று ஓர்ப்படி நாலடி தள்ளியே நின்றாள். மீட்டரக்கா ஸ்டூலில் உட்கார்ந்து, கம்பிகளை மாட்டி, குனிந்து பார்த்தாள். புள்ளி மூன்று ஒன்று. ஆம்ப் புள்ளி ஐந்தையாவது தாண்ட வேண்டும். பெருமூச்சு விட்டு முதுகை நிமிர்த்தினாள்.

"புள்ளி அஞ்சு எட்டு" என்றாள் ஓர்ப்படி.

"அங்கேருந்து உனக்கு எப்படித் தெரியும்?"

"நல்லாத் தெரியுதே. ஏன், உங்களுக்குத் தெரியலையா?"

மறுபடி குனிந்தாள். "இப்ப குறைஞ்சிடுச்சு" என்றது பின்னாலிருந்து குரல்.

மீட்டரக்கா முதல்முறையாக மீட்டரை விட்டுப் பேனலைப் பார்த்தாள். கீழ்மூலையில் அவள் தலையின் நிழல் சாவகாசமாக உட்கார்ந்திருந்தது. மற்ற மேஜைகளின் பேனல் காலையில் வரும். அப்போது வெயில் எதிரில், நிழல் அவள் முதுகுக்குப் பின்னால். கடைசி மேஜையின் சரக்கு மதியம்தான் வரும், வெயில் முதுகில். எண்கள் எறும்பு ஊர்வதுபோல் மங்கத் தொடங்கியதிலிருந்து குனிந்து குனிந்துதான் படிக்கிறாள். யாரிடமும் மூச்சு விடவில்லை. கண் போன டெஸ்டரை யார் வைத்துக்கொள்வார்கள்?

படியில் முதலாளியின் செருப்புச் சத்தம். இப்போது சரியாகிவிட்டது என்று மழுப்பினால் விஷயம் அத்தோடு முடிந்தது. மழுப்பிவிடலாமா என்று நினைக்கவும் செய்தாள்.

"சார், பதினாலு பேனலும் நல்லாத்தான் இருக்கு. என் கண்ணுதான் மங்கிப் போச்சு. குனிஞ்சு குனிஞ்சு நானே நிழல் போட்டிருக்கேன்."

முதலாளி மீட்டரையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தார். "ஊருக்குத்தான் உபதேசமா? நாளைக்கு லீவு போட்டுட்டு டாக்டர்கிட்ட போங்க. வந்து எல்லாத்தையும் திரும்பப் பாருங்க" என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனார்.

ஓர்ப்படி போகவில்லை. "எவ்வளவு நாளா இப்படி?"

"ஒரு வருஷத்துக்கு மேல இருக்கும். தூரத்து ஆளுங்க முகமே தெரியறதில்ல."

"போன வருஷம் ஆஸ்பத்திரி எதிர்ல உங்களைப் பாத்து அழுதுக்கிட்டே கையாட்டினேன். நேரா பாத்துட்டுப் பேசாமப் போயிட்டீங்க. அதான் நானும் பேச்சை விட்டேன்."

மீட்டரக்கா ஸ்டூலைத் திருப்பிப் போட்டு, அவள் முகம் தெரியும் அளவுக்குப் பக்கத்தில் போனாள்.

"ஏன் அழுதே? சொல்லு."