ஓரம் விட்டு வெட்டும் கை

வாயில் இரண்டு வாஷர்களைக் கவ்விக்கொண்டே பேசுகிறார் தையலக்கா. இத்தனை வருடம் குண்டூசி கவ்விய வாய். இரும்புக்கு மாறியதில் அதற்கு ஒரு வருத்தமும் இல்லை. "ம்ம்ம் எடுங்க" என்றால் ஸ்பேனரை எடுக்க வேண்டும். "ம்ம் எடுங்க" என்றால் காலை எடுக்க வேண்டும். வித்தியாசம் தெரிந்த ஒரே ஆள் அவர் கணவர். தெரியாத காலத்தில் மிதி வாங்கியவரும் அவர்தான்.

கணவர் பெயிண்டர். ஊரார் சுவருக்கு வர்ணம் அடித்துவிட்டுத் திரும்புவதற்குள் அவர் வீட்டில் ஏதாவது ஓர் இடம் பறிபோயிருக்கும். கட்டிலுக்கடியில் சிலிண்டர்கள். அலமாரியில், அவர் சட்டைகள் இருந்த தட்டில், துணி சுற்றிய பிஸ்டன்கள். சாப்பாட்டு மேசை முழுக்க எஞ்சினின் வயிறு. "தட்டை எங்க வைக்கிறது?" என்று கேட்டுப் பார்த்தார். "மடியில" என்றார் அக்கா.

அந்த எஞ்சினைப் பறிகொடுத்த வேன் வாசலில் நிற்கிறது. பெயிண்டரைவிட வயதில் மூத்தது. ரேடியேட்டர் கிடையாது, விசிறி அடிக்கும் காற்றிலேயே சூடு ஆறிவிடும். சொட்டுத் தண்ணீர் குடிக்காத அந்த எஞ்சின், பார்க்க வந்த மெக்கானிக்குகள் அத்தனை பேருக்கும் தண்ணி காட்டி அனுப்பியிருக்கிறது.

அக்காவின் தையற்கடை இருக்கும் கட்டடத்தை இடிக்கப்போகிறார்கள். திங்கட்கிழமைக்குள் வேன் ஓடினால் தையல் மெஷின் அதில் ஏறும், கடை தெருத்தெருவாகப் போகும். ஓடாவிட்டால் ரெடிமேட் கம்பெனியில், நாள் முழுக்கக் காலர் மட்டுமே தைக்கும் வரிசையில் ஒரு நாற்காலி. அக்காவைக் கேட்காமலே, "வந்துடுவா" என்று அந்த நாற்காலிக்கு வாக்குக் கொடுத்தவர் பெயிண்டர். அக்காவுக்கு அது தெரியும். தெரிந்தும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. பெயிண்டருக்குப் பயமே அதுதான்.

அக்கா எஞ்சின் பூட்டுவதும் தையல்தான். இடப்பக்கத்து போல்ட்டுகளில் சிவப்பு நூல், வலப்பக்கத்தில் நீலம். எந்த நட்டையும் ஒரே மூச்சில் இறுக்க மாட்டார். எல்லாவற்றையும் விரலால் லேசாகத் திருகிவிட்டு, பிறகு எதிரெதிர் மூலையாகச் சுற்றிச் சுற்றி வருவார். "முதல்ல ஓட்டுத் தையல். இழுத்துப் பாத்துட்டுத்தான் கெட்டித் தையல். எடுத்ததும் இறுக்கினா துணியும் சுருங்கும், இரும்பும் கோணும்." ஒருநாள், பூட்டிய கிராங்க் தண்டை ஒற்றை விரலால் தள்ளிவிட்டார். அத்தனை கனமும் சத்தமில்லாமல் சுழன்று நின்றது. வேலையிலிருந்து வந்த பெயிண்டர் கையில் பிரஷோடு அப்படியே நின்றார். பிரஷ் தரையில் சொட்டியது. வர்ணம் சொட்டினால் ஊரையே திட்டுகிற மனிதர், குனியக்கூட இல்லை.

ஞாயிற்றுக்கிழமை தெருவே கைகொடுத்து எஞ்சினை வேனுக்குள் ஏற்றியது. பெயிண்டர் ஓட்டுநர் இருக்கையில். அக்கா பின்னால், எஞ்சின் இருக்கும் பக்கம்.

"உங்க முன்னால இருக்கிற சிவப்பு லைட்டு உங்க பொறுப்பு. ஸ்டார்ட் ஆனதும் அணையணும். அணையலைன்னா உள்ள ஆயில் ஏறலைன்னு அர்த்தம். இரும்பை இரும்பு தின்னுடும். உடனே சொல்லுங்க."

சாவியைத் திருப்பினார். இருமியது, தும்மியது, பிடித்துக்கொண்டது. தெரு கைதட்டியது. பின்னாலிருந்து அக்கா சிரிக்கும் சத்தம் வந்தது. சிவப்பு விளக்கு மட்டும் அணையவில்லை.

அது அவர் கண்ணுக்கு மட்டும் தெரியும் விளக்கு. பேசாமல் உட்கார்ந்திருந்தால் போதும். எஞ்சின் தானாகச் செத்துப்போகும், கொடுத்த வாக்கு தானாகப் பிழைத்துக்கொள்ளும். ஒரு மூச்சு இழுத்தார். விடுவதற்குள் சாவியைத் திருப்பி நிறுத்தி, "அணையல" என்றார்.

"என்னக்கா, பட்டன் வைக்க மறந்துட்டீங்களா?" என்றார் எதிர்வீட்டுக்காரர்.

"உங்க வாய்க்குத்தான் ஒண்ணு வைக்கணும்."

தெரு கலைந்தது. அக்கா ஆயில் பம்பைக் கழற்றினார். அதன் இடுக்கில் ஆயில் கசியாமலிருக்க வைக்கும் காகித பேக்கிங், அவரே கத்தரித்தது. வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தவர் தலையில் அடித்துக்கொண்டார். சட்டைக்குக் கழுத்து வெட்டும்போது, மடித்துத் தைக்க ஓரம் வேண்டுமே என்று கோட்டுக்கு உள்ளே தள்ளித்தான் வெட்டுவார்கள். ஆயில் போகும் துளைகளையும் அந்தக் கை அப்படியே வெட்டியிருந்தது. விட்ட ஓரம் எண்ணெயில் ஊறி, மடங்கி, வழியை அடைத்திருந்தது.

"இதை மடிச்சா தைக்கப் போறேன்? கை தானா விட்டிருக்கு பாருங்க."

எந்த மெக்கானிக்காலும் செய்ய முடியாத தப்பு. பெயிண்டருக்குச் சிரிப்பு வந்தது; கண்ணில் ஏதோ விழுந்ததுபோலத் திரும்பிக்கொண்டார். அக்கா புதுக் காகிதத்தில், கோட்டின் மேலேயே கத்தரியை ஓட்டினார். உள்ளே தள்ளப் பார்த்த கையை இரண்டு முறை நிறுத்தித் திருப்ப வேண்டியிருந்தது.

மறுபடி சாவி. விளக்கு எரிந்தது, இன்னும் எரிந்தது, அணைந்தது.

"அணைஞ்சிடுச்சு" என்று பெயிண்டர் சொன்னது எஞ்சின் சத்தத்தில் யாருக்கும் கேட்கவில்லை. இறங்கிப் பின்பக்கம் வந்தார். "கம்பெனியில... நீ வரமாட்டேன்னு சொல்லிடறேன்" என்றார், வேனின் சக்கரத்திடம்.

அக்கா கழுத்தில் கிடந்த அளவு டேப்பை உருவிக்கொண்டு, நடுங்கும் வேனுக்குள் ஏறினார். மெஷின் நிற்க வேண்டிய மூலையில் ஒரு முனையை அழுத்திக்கொண்டு, மறுமுனையை அவரிடம் நீட்டினார்.

"ம்ம்ம் பிடிங்க."