தண்ணீர் ஏறாத இயந்திரமும் ஆரணிக்காரன் வாயும்

இந்த ஜெர்மன் ஊரில் இயந்திரங்கள் சத்தம் போட்டுச் சண்டை பிடிப்பதில்லை, முறுக்கிக்கொள்கின்றன. அந்தச் சனிக்கிழமை காலை எங்கள் ஷ்பூல்மஷீனே, அதாவது பாத்திரம் கழுவும் இயந்திரம், லேசாக முனகியது. தண்ணீர் இறங்கும் ஓசையே இல்லை. சற்று நேரத்தில் குழாய்ப் படம் போட்ட சிவப்பு விளக்கு எரிந்தது. வேறு நாளாக இருந்தால் சிரித்துவிட்டுக் கையால் கழுவியிருப்பேன். அன்று கீழ்வீட்டில் இருக்கும் வீட்டுக்காரர் பிராண்ட் அம்மையார் மேலே வருவதாக இருந்தது. எங்களைத் தொடர்ந்து குடியிருக்க விடுவதா, வேண்டாமா என்று சொல்வதற்கு. குடிவந்த அன்று அவர் போட்ட ஒரே நிபந்தனை, தன் இயந்திரத்தில் குர்குமா படக்கூடாது என்பது. குர்குமா என்றால் மஞ்சள்தூள். ஆரணியில் பட்டுக்குச் சாயம் போடுகிற வீட்டில் பிறந்தவனிடம் போய் மஞ்சளுக்குத் தடை! பொறுத்துக்கொண்டோம். சாம்பார்ப் பாத்திரங்களை நானே கையால் தேய்த்தேன். இருந்தும் என்ன, இயந்திரம் கெட்டுவிட்டது என்றால் அவர் முதலில் என் சட்டியைத்தான் முறைப்பார்.

கதவை அழுத்திச் சாத்திப் பார்த்தேன். அடியில் இருந்த சல்லடையைக் கழற்றிக் கழுவினேன். மடங்கியிருந்த குழாயை நிமிர்த்தினேன். பக்கத்தில் பாத்திரம் தேய்க்கும் தொட்டியின் குழாயில் தண்ணீர் கொட்டுகிறது. இயந்திரத்துக்கு மட்டும் வரவில்லை. அதற்குள் என் மனம் சாமான் கட்டி, லாரியில் ஏற்றி, பள்ளிக்கூடம் போகும் மகளோடு குளிரில் நடுத்தெருவில் நின்றுகொண்டிருந்தது. மனைவி கோமதி தேநீரை ஆற்றியபடி, "மூஞ்சிய பாரு, வீடு பத்திகினா மாதிரி. வேல தெரிஞ்ச ஆள கூப்புடுங்க" என்றாள். கூப்பிட்டேன். ஆரணியில் இருக்கும் என் அண்ணனை.

எங்கள் வீட்டில் தண்ணீர் நின்றால் விளையாட்டில்லை. கொப்பரையில் பட்டு வெந்துகொண்டிருக்கும்போது அலசத் தண்ணீர் இல்லையென்றால் நூல் முழுக்கத் திட்டுத்திட்டாகச் சாயம் பிடித்துவிடும். அப்பாவுக்கு அந்தப் பயம் ரத்தத்தில் ஊறியிருந்தது. வெளியூர் கிளம்பினால் வீட்டைப் பூட்டுவதற்கு முன் மேல்தொட்டியின் கேட் வால்வை மூடியாக வேண்டும். எங்காவது ஒழுகித் தொட்டி காலியானால் திரும்பி வந்ததும் வேலை ஓடாது. ஒருமுறை பெரணமல்லூர்க் கல்யாணத்துக்குப் பஸ் ஏறிய பிறகு, வால்வை மூடினோமா என்று சந்தேகம் வந்து இறங்கி ஓடினார். தாலி கட்டி முடித்த பிறகு, பந்திக்கு மட்டும் சரியாக வந்து சேர்ந்தார். அந்தத் தொழிலையும் பயத்தையும் அண்ணன் எடுத்துக்கொண்டான். பயத்தில் ஒரு பங்கு எனக்கும் வந்தது.

"மோட்டார் போட்டியாடா?" என்றான் அண்ணன்.

"இங்க மோட்டாரே கிடையாதுண்ணா."

"மோட்டார் இல்லாம மாடிக்கு எப்டிடா ஏறும்? ஏர் லாக்குதான், காத்து அடச்சிகினு கீது. பைப்ப கயட்டி, வாய வெச்சி நல்லா உறி. போன புடிச்சிகினு நிக்காத, ஜல்தியா பண்ணு."

பாத்திரத் தொட்டிக்குக் கீழே இருந்த அலமாரிக்குள் தலையை நுழைத்து, சுவரிலிருந்து இயந்திரத்துக்குப் போகும் குழாயைக் கழற்றினேன். பீய்ச்சியடிக்கும் என்று வாளியும் வைத்திருந்தேன். ஒரு சொட்டும் வரவில்லை. இந்த நாட்டில் பிறந்தவனாக இருந்தால் அங்கேயே சந்தேகப்பட்டிருப்பான். வெறுங்குழாய் எனக்குப் பிறந்ததிலிருந்து பழக்கம். சுவர்க்குழாயில் வாயைப் பதித்து உறிஞ்சினேன். கன்னம் இரண்டும் ஒட்டிக்கொண்டதுதான் மிச்சம். அந்த நேரம் பார்த்துக் கோமதி கதவைத் திறந்து பிராண்ட் அம்மையாரை உள்ளே விட்டிருக்கிறாள். அவர் பார்த்தது லுங்கி கட்டிய இரண்டு கால்களை.

"குர்குமா?" என்றார் அம்மையார்.

"நைன்! இல்லவே இல்லை!" என்று அலமாரிக்குள்ளிருந்தே கத்தினேன்.

அவர் குனிந்து, என் மூக்குக்குப் பக்கத்தில் இருந்த சின்னத் திருகைத் தொட்டார். "இது மூடியிருக்கிறதே." இயந்திரத்துக்கு மட்டுமான திருகு அது. போன வாரம் உறவினர் வீட்டுக்குப் புறப்படும்போது, அப்பா கைப்பட மூடுவதுபோல நான்தான் இறுக்கி மூடியிருந்தேன். திரும்பி வந்து திறக்க மறந்துவிட்டேன்; அதன்பிறகு இயந்திரத்தை இன்றுதான் ஓட்டினோம். கோமதி கூரையைப் பார்த்தாள். மாட்டிக்கொண்ட பிறகு என்ன பயம்? எழுந்து, லுங்கியை இறுக்கிக்கொண்டு சொன்னேன்: "நான்தான் மூடினேன். வீட்டைப் பூட்டிக்கொண்டு போனால் குழாயை மூடாமல் போகமாட்டோம்."

அம்மையாரின் முகம் மலர்ந்தது. ஊருக்குப் போகும்போது இதை மூடுங்கள் என்று எத்தனை குடித்தனக்காரர்களிடம் தலைபாடாக அடித்துக்கொண்டாராம், ஒருவரும் கேட்டதில்லையாம். "ஸேர் டாய்ச்!" என்றார். ரொம்ப ஜெர்மன்காரத்தனம் என்று பொருள். தாராளமாக இங்கேயே இருங்கள் என்றும் சொல்லிவிட்டார். புத்தியுள்ளவன் அத்தோடு வாயை மூடியிருப்பான்.

"டாய்ச் இல்லை, ஆரணி" என்றேன்.

"அது எந்தப் பயிற்சி நிலையம்? அங்கேதான் இதைக் கற்றீர்களா?"

"என் ஊர்."

திருகைத் திறந்து குழாயை மாட்டினேன் (வரிசை மாறிவிட்டதால் முகம் நனைந்தது, அதை விடுங்கள்). பிறகு அடுப்பிலிருந்த சாம்பார்ச் சட்டியை எடுத்து, அவர் கண்ணெதிரே இயந்திரத்தில் வைத்தேன். கோமதி என் முதுகில் கிள்ளினாள். கிள்ளட்டும். குழாயை ஜெர்மன்காரனாக மூடிவிட்டு, சட்டியை மட்டும் திருடனாகக் கழுவ வேண்டுமா? அம்மையார் சட்டியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "வெள்ளைக் கோப்பைகளை இதோடு போடாதீர்கள்" என்று மட்டும் சொல்லிவிட்டுப் படியிறங்கினார்.

பொத்தானை அழுத்தினேன். தண்ணீர் ஏறியது. அவர் வீட்டுச் சுவருக்குள்தான் அது மேலே வருகிறது. எங்கள் மஞ்சளைக் கரைத்து எடுத்துக்கொண்டு, அதே சுவருக்குள்தான் இறங்கியும் போகும்.