காசியம்மாளின் உறைமண்

காசியம்மாளுக்கு வாய் சும்மா இருக்காது. மலை சுற்றும் பாதையோரம் இருந்த எங்கள் நாற்றங்காலில் தண்ணீர் ஊற்ற வந்தவள், மூன்றாம் நாளே எனக்குப் புத்தி சொல்ல ஆரம்பித்துவிட்டாள். நான் அங்கே மேற்பார்வையாளன், ஏகாம்பரநாதன். எனக்கு வயது நாற்பத்தைந்து, அவளுக்கு முப்பதுகூட ஆகவில்லை. கோபம் வராமல் என்ன செய்யும்?

1957ஆம் வருஷம். பாதை நெடுக நடுவதற்கு ஐந்நூறு இலுப்பைக் கன்றுகள் வேண்டும் என்று முந்தைய வருஷமே மேலிடத்து உத்தரவு வந்திருந்தது. நான் கோயில் பூஜை செய்யும் குடும்பத்தில் பிறந்தவன், சுத்தம் என்றால் உயிர். விதைப்பதற்கு முன்பே பாத்திகளின்மேல் சருகைக் கொட்டிக் கொளுத்தி, பூச்சி பூசணம் எல்லாவற்றையும் ஒழித்துவிட்டேன். அதன்மேல் சூப்பர் பாஸ்பேட் உரத்தை அள்ளி வீசினேன். முளைத்தது என்னவோ நன்றாகத்தான் முளைத்தது. ஒரு சாண் உயரம் வந்ததும் அப்படியே நின்றுவிட்டது. இலையெல்லாம் வெளுத்துப்போய், பார்க்கவே சகிக்கவில்லை.

பங்குனியில் மேலதிகாரியின் கடிதம் வந்தது. கார்த்திகை தீபத்துக்குள் கன்றுகள் முழங்கால் உயரம் வராவிட்டால் நாற்றங்காலை மூடிவிடுவார்களாம். மூடினால் எனக்கு வேறு ஊரில் வேறு நாற்காலி. காசியம்மாளுக்கு? மறுபடியும் மலையேறி விறகு சுமக்க வேண்டியதுதான். அப்படிச் சுமந்தபோது சறுக்கி விழுந்துதான் அவளுடைய இடது முட்டி ஏற்கெனவே கெட்டுப்போயிருந்தது.

"சார், இங்க வந்து பாருங்க" என்று ஒரு நாள் கூப்பிட்டாள். பாத்தி ஓரத்தில் நாலே நாலு கன்றுகள் மட்டும் கரும்பச்சையாக, திமிராக நின்றன. "நீங்க கொளுத்தின நெருப்பு இந்த எடத்துல படல. அதான் இதுங்க பொழச்சிக்கிச்சு."

"உளறாதே."

"கீழ்பென்னாத்தூர்கிட்ட எங்க ஊரு ஏரிக்கரையில இலுப்பத் தோப்பு இருக்குது. பாலுக்கு உறை ஊத்தறமில்ல? அதுமாதிரி இதுக்கும் உறை வேணும் சார். மரத்தடி மண்ணு ஒரு கூடை எடுத்தாரேன்."

எடுத்தும் வந்தாள். முகர்ந்து பார்த்தால் மக்கல் நாற்றம். உள்ளே வெள்ளை வெள்ளையாக நூல்கள். அய்யே! வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் அவள் ஒரு வாரம் ஊருக்குப் போயிருந்த சமயம், சித்திரை வெயிலில் கொட்டகையின் சிமெண்டுத் தளத்தில் அதைப் பரப்பி, மிளகாய் காயவைப்பதுபோல் நாலு நாள் புரட்டிப் புரட்டிக் காயவைத்தேன். சலித்து மூன்று பாத்திகளில் போட்டேன். ஒரு மாதமாகியும் ஒன்றும் நடக்கவில்லை. "எங்கேம்மா உன் உறை?" என்று கேட்டபோது எனக்கு உள்ளுக்குள் ஒரே குஷி. அவள் குனிந்து பாத்தி மண்ணைக் கிளறிப் பார்த்தாள்.

மறுநாள் கொட்டகையில் மூட்டைகளை நகர்த்திப் பெருக்கியவள், தளத்தில் ஒட்டியிருந்த மண்ணைப் பார்த்துவிட்டாள். "இத யாரு இங்க காயவெச்சது?"

"நான்தான். சுத்தம் பண்ணினேன்."

அவ்வளவுதான், தலையில் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்து சிரித்தாள். கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள். "மோரைக் கொதிக்கவெச்சி உறை ஊத்தினா தயிர் ஆவுமா சார்?"

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "சரி, இன்னொரு கூடை கொண்டா! தீபத்துக்குள்ள முழங்கால் உயரம் வந்தா, அடுத்த கூடைய நானே தலையில சுமந்து வரேன்."

"வராட்டி?"

"மலைதான் உனக்கு."

சொல்லி முடிக்கும் முன்பே நாக்கைக் கடித்துக்கொண்டேன். அவள் முகத்திலிருந்து சிரிப்பு போய்விட்டது. முட்டியைத் தடவிக்கொண்டே எழுந்து போனாள். பாவி, நான் ஏன் அப்படிச் சொன்னேன்?

ஆடியில் நல்ல மழை பெய்தது. ஈரச் சாக்கு போர்த்திய கூடையோடு அவள் வந்தாள். வெயில் தாழ்ந்த பிறகு ஒவ்வொரு கன்றின் வேரடியிலும் ஒரு பிடி மண் வைத்து, மேலே சருகு மூடினாள். என் உர மூட்டையைத் தூக்கி மூலையில் போட்டாள். "ஜாஸ்தி போட்டா வேரு சோம்பேறியாப் பூடும். கம்மியா இருந்தாத்தான் கூட்டாளியத் தேடும்." 

புரட்டாசியில் துளிர்விட்டன. யாரும் பார்க்காதபோது பாத்திக்குள் இறங்கி, என் முழங்காலை வைத்தே அளந்து பார்ப்பேன். மண்ணை ஆராய்கிறவர் ஒருவர் அந்தப் பக்கம் வந்து, சில வேர்களை வெட்டி எடுத்துப்போனார். பிறகு கடிதம் எழுதினார். அவள் மண் வைத்த கன்றுகளின் வேருக்குள் பூசண இழைகள் நிறைய இருக்கின்றனவாம். வேர் எட்டாத இடத்துச் சத்தையும் அவை இழுத்துவந்து கொடுத்து, பதிலுக்கு வேரிடம் சாப்பிடுமாம். நெருப்பு, கடும் வெயில், அளவு மீறிய உரம், இந்த மூன்றிலும் அவை நலிந்துபோகுமாம். மூன்றையும் செய்த புண்ணியவான் நான்தான்.

தீபத்துக்கு முந்தின நாள் மேலதிகாரி வந்தார். கன்றுகள் முழங்காலைத் தாண்டியிருந்தன. "பேஷ்! என்ன போட்டீர்?" என்று என்னைக் கேட்டார். பெருமையடித்துக்கொள்ள நாக்கு தயாராகத்தான் இருந்தது. காசியம்மாள் குடத்தோடு அந்தப் பக்கம் திரும்பி நின்றாள்.

"நான் போட்டதெல்லாம் கெடுத்ததுங்க. பொழைக்க வெச்சது இவதான்" என்றேன்.

அதிகாரி அவளிடமே எல்லாவற்றையும் கேட்டுத் தெரிந்துகொண்டார். அடுத்த வருஷத்துக்கு ஆயிரம் கன்று என்று சொல்லிவிட்டுப் போனார். நாற்றங்காலும் தப்பியது, அவள் வேலையும் தப்பியது.

பந்தயம் பந்தயம்தானே? அடுத்த வாரம் கீழ்பென்னாத்தூர் பஸ்ஸிலிருந்து ஈரக்கூடையைத் தலையில் ஏற்றிக்கொண்டு இறங்கினேன். தேரடித் தெருவில் நடந்தபோது சேற்றுத் தண்ணீர் கழுத்து வழியாகச் சட்டைக்குள் இறங்கியது. கோயிலிலிருந்து வந்த என் பெரியப்பா மகன் சாம்பமூர்த்தி வழியை மறித்தான்.

"ஏகாம்பரம், இதென்னடா வேஷம்? தலையில என்ன?"

"உறை" என்றேன். அவன் என்னைப் பரிதாபமாகப் பார்த்தான்.

பின்னால் காசியம்மாள் தலையில் சுமையில்லாமல், கெட்ட முட்டியோடு, வீசின கையும் வெறுங்கையுமாக வந்துகொண்டிருந்தாள்.

"பாத்து நடங்க சார். உள்ள உசுரு இருக்குது."

நான் நடையைக் குறைத்து, கூடையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன்.