அமெரிக்கப் பிள்ளைகளுக்குத் துணை போனேன்

வெளிநாட்டிலிருந்து ஊழியத்துக்கு வரும் பிள்ளைகளுக்குத் துணை போவது மாடு மேய்ப்பதைவிடச் சுலபம் என்று எங்கள் போதகர் சொன்னார். அவர் மாடு மேய்த்ததில்லை. உங்கள் சபையிலும் இந்த வேலைக்கென்று வாயில்லாத ஒரு கிழவனைப் பிடித்து வைத்திருப்பார்கள். என் பாடு அவருக்குப் புரியும். அவரை நினைத்துத்தான் இதை எழுதுகிறேன்.

இந்த வருஷம் நாலு பேர் வந்தார்கள். இரண்டு பையன்கள், இரண்டு பெண்கள். அவர்கள் ஊரில் கோடை விடுமுறை. நமக்கு அப்போது பள்ளிக்கூடம் திறந்துவிடும். எங்கள் சபை நடத்தும் விடுதியில் சித்தேரி, வத்தல்மலைப் பக்கத்து மலையூர்ப் பெண் பிள்ளைகள் தங்கிப் படிக்கிறார்கள். அவர்களுக்கு ஆறு வாரம் இங்கிலீஷ் சொல்லித்தருவது வந்தவர்களின் வேலை. இவர்களுக்குப் பெயர் இன்டர்ன். "சம்பளம் இல்லாம வேல கத்துக்க வர்றவங்கன்னு அர்த்தங்க" என்றார் போதகர். அந்தக் கணக்கில் நானும் ஒரு இன்டர்ன்தான், அறுபத்தாறு வயதில்.

நான் எட்டாவதோடு நின்றவன். சர்க்கரை ஆலை வாசலில் கரும்பு வண்டிகளை எண்ணி உள்ளே விடும் வேலையில் காலம் தள்ளியவன். எண்ணிக்கை தப்பாத ஆள் என்றுதான் என்னைப் பிடித்தார்கள். போதகர் ஒன்றே ஒன்று சொன்னார்: "நாலு பேரும் முகம் வாடாம கடைசி வரைக்கும் இருக்கணுங்க. ஒருத்தர் பாதியில திரும்பிட்டாலும் அடுத்த வருசம் அனுப்ப மாட்டாங்க. அப்பறம் நம்ம விடுதிப் புள்ளைங்களுக்கு இங்கிலீஷ் சொல்லிக்குடுக்க யாருங்க இருக்கறாங்க?"

எட்டுக் கால்

எனக்குப் பெண் பிள்ளைகளை நிமிர்ந்து பார்க்கக் கூச்சம். அதனால் தலையை எண்ணாமல் காலை எண்ணினேன். வேனில் ஏறும்போது எட்டுக் கால், இறங்கும்போது எட்டுக் கால். அவர்கள் செருப்புகள் எனக்கு மனப்பாடம். முகங்கள் அப்படி இல்லை.

இண்டூரில் எங்கள் சபைக் குடும்பம் ஒன்று அவர்களை விருந்துக்கு அழைத்தது. நாலு ஜோடிச் செருப்பும் வாசலில் வரிசையாகக் கிடந்தன. நான் எதிரே புளியமரத்தடியில் உட்கார்ந்து அவற்றின் மேல் கண் வைத்தேன். வெயில் ஏறியது. வீட்டுக்குள் சத்தமில்லை. சாப்பிட்ட களைப்பில் தூங்குகிறார்கள், நல்ல பிள்ளைகள் என்று நினைத்தேன். ஒரு ஆடு வந்து ஒரு செருப்பை மோந்து பார்த்தது, எழுந்துபோய்த் துரத்தினேன். மறுபடியும் எண்ணினேன். எட்டு.

வேன் ஓட்டுநர் செல்வம் வந்து எழுப்பியபோதுதான் நானும் தூங்கிவிட்டது தெரிந்தது. செல்வம் பெங்களூரில் வண்டி ஓட்டித் திரும்பியவன். இங்கிலீஷும் கன்னடமும் பேசுவான்; எங்களுக்கு மொழிபெயர்ப்பாளனும் அவனே. வாசலையும் என்னையும் மாறி மாறிப் பார்த்துவிட்டுச் சொன்னான்: "செருப்பு ஒண்ணும் ஓடிப் போவலீங்க பெரியவரே. ஆளுங்கதான் பொறவாசல் வழியா வெறுங்காலோட கரும்புக் காட்டுக்குப் போயி ரெண்டு மணி நேரமாச்சு."

மூன்றாவது 'வேண்டாம்'

நம் பக்கத்தில் விருந்தாளி சொல்லும் முதல் 'வேண்டாம்' மரியாதைக்கு. இரண்டாவது பழக்கத்துக்கு. மூன்றாவதைத்தான் காதில் வாங்குவோம். இதை யாரும் யாருக்கும் சொல்லித்தருவதில்லை.

எங்கள் வீட்டில் ஒரு சாயங்காலம் நாலு பேருக்கும் களியும் கீரைக் கடைசலும். பென் என்கிற பையன் தட்டில் மிச்சம் வைப்பது பாவம் என்று வளர்க்கப்பட்டவனாம். வழித்துச் சாப்பிட்டான். என் வீட்டுக்காரி எஸ்தருக்கோ காலித் தட்டைக் கண்டால் கை தானாக நீளும். இன்னொரு உருண்டை வைத்தாள். அவன் இரண்டு முறை 'நோ' சொல்லிப் பார்த்துவிட்டு, வைத்த பிறகு என்ன செய்வது என்று அதையும் வழித்தான். தட்டு மறுபடியும் காலி. நாலாவது உருண்டையில் அவன் காது வரை சிவந்துவிட்டது. நான் பக்கத்தில்தான் நின்றேன். ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். ஆனால் பந்தி நடுவே பேச வேண்டுமே! சொம்பைப் பிடித்துக்கொண்டு, தண்ணீர் ஊற்றுகிறவன் மாதிரி நின்றேன்.

கடைசியில் பென் வாயைப் பொத்திக்கொண்டு எழுந்து வெளியே ஓடினான். அவன் போன திசையையே பார்த்துக்கொண்டிருந்த எஸ்தர் என்னிடம் சொன்னாள்: "பாவங்க, இந்தப் புள்ளைய அவங்க வூட்டுல பட்டினி போட்டு வளத்திருக்கறாங்களாட்டம் இருக்குது."

தூணிடம் சொன்னது

நால்வரில் ஹன்னா என்றொரு பெண். இருபது, இருபத்தொன்று இருக்கும். விடுதிப் பிள்ளைகள் அவளைச் சுற்றியேதான் இருப்பார்கள். அவள் அவர்களுக்கு இங்கிலீஷ் சொல்லித்தந்தாள். அவர்கள் அவளுக்குத் தமிழ் சொல்லித்தந்தார்கள். இரண்டே வாரத்தில் எங்கள் பேச்சை, அதன் ராகத்தோடு, ஓரளவு பிடித்துக்கொண்டாள்.

வயதான ஆண்கள் இளம்பெண்ணிடம் நேருக்கு நேர் பேசுவது எங்கள் குடும்பத்தில் பழக்கமில்லை. பொதுவாகச் சொல்லி வைப்போம்; கேட்க வேண்டியவர் கேட்டுக்கொள்வார். என் மருமகளுக்கு நான் இதுவரை சொன்னதெல்லாம் கதவு நிலையைப் பார்த்துச் சொன்னதுதான். அவள் ஒருநாளும் குறைபட்டதில்லை. ஹன்னாவுக்கும் அதே மரியாதையைக் கொடுத்தேன். விடுதித் தாழ்வாரத் தூணைப் பார்த்து, "இந்த வெயில்ல தொப்பி போட்டா என்னவாம்?" என்பேன். அவள் 'குட் மார்னிங் தாத்தா' என்றால் வேப்பமரத்தைப் பார்த்துத் தலையாட்டுவேன்.

சாயங்காலம் அவள் கடைப்பக்கம் நடந்தால் துணைக்கு நான் பின்னால் போவேன், பத்தடி விட்டு. அவள் நின்றால் நானும் நின்று கரன்ட் கம்பத்தைப் பார்ப்பேன். அவள் திரும்பி என்னை நோக்கி வந்தால் நானும் திரும்பிக்கொள்வேன். இதைவிடக் கண்ணியமாக ஒரு ஆள் துணை போக முடியாது என்று எனக்குக் கொஞ்சம் பெருமைகூட இருந்தது. ஒருநாள் டீக்கடையிலிருந்து இதைப் பார்த்த செல்வம் கூப்பிட்டுச் சொன்னான்: "மப்டி போலீசு கூட இப்பிடிப் பின்னால வரமாட்டானுங்க பெரியவரே."

டிக்கெட்

மூன்றாவது வாரம் போதகர் கூப்பிட்டனுப்பினார். முகம் சரியில்லை. உட்காரக்கூடச் சொல்லவில்லை.

"ஹன்னா டிக்கெட்ட மாத்திக் குடுங்க, வூட்டுக்குப் போறேங்குதுங்க. 'தாத்தாவுக்கு என்னையக் கண்டாலே புடிக்கல. மூஞ்சியக்கூடப் பாக்கறதில்ல. நான் என்ன தப்பு செஞ்சேன்னும் யாரும் சொல்ல மாட்டேங்கறாங்க'ன்னு அழுவுது."

காய்ச்சலாலோ காரத்தாலோ ஒருவர் திரும்பிவிடுவார் என்று பயந்து, காய்ச்சின தண்ணீரை டம்ளர் டம்ளராக எண்ணிக் கொடுத்தவன் நான். கடைசியில் ஒருத்தியைத் துரத்துவது என் மரியாதையா? அவள் போனால் விடுதிப் பிள்ளைகளின் இங்கிலீஷும் அதோடு போச்சு. "அது வெறுப்பு இல்லீங்க, கூச்சங்க" என்றேன், ஜன்னலைப் பார்த்து.

போதகர் பெருமூச்சு விட்டார். "அத என்கிட்டச் சொல்லி என்னங்க பிரயோசனம்? அதுவும் ஜன்னலப் பாத்து?"

வத்தல்மலை

மறுநாள் விடுதிப் பிள்ளை ஒருத்தியின் அப்பா, அம்மாவைப் பார்க்க வத்தல்மலைக்குப் போவதாக ஏற்பாடு. வேனில் முன்சீட்டில் என்னை உட்காரவைத்து, மலை ஏறும் வரை செல்வம் இங்கிலீஷ் சொல்லித்தந்தான். "ஐ ஆம் நாட் ஆங்ரி. யூ ஆர் லைக் மை டாட்டர். சொல்லுங்க." சொன்னேன். ஒவ்வொரு வளைவிலும் ஒரு சொல் பின்னால் விழுந்துகொண்டே வந்தது. மேலே போய்ச் சேர்ந்தபோது 'ஆங்ரி' மட்டும் பத்திரமாக இருந்தது.

ஹன்னா சாமைக் காட்டு ஓரமாகத் தனியாக நின்றிருந்தாள். எதிரே போய் நின்றேன். முதல் தடவையாக முகத்தைப் பார்த்தேன். மூக்கெல்லாம் புள்ளி புள்ளியாக இருந்தது. மூன்று வாரமாக எனக்குத் தெரியாது. வாயைத் திறந்தேன். இங்கிலீஷ் வரவில்லை. தூணுக்குச் சொன்னதெல்லாம் மொத்தமாக வந்தது.

"தொப்பி போடாம ஏம்மா வெயில்ல நிக்கற? காலெல்லாம் கடி, கொசுவலய ஓரம் சொருகிப் படுக்க மாட்டியா? கெணத்தடிக்குத் தனியாப் போறியே, படி எத்தன பாசி! ராத்திரி சோத்தத் தட்டுல அளையற, திங்கறதில்ல. விடுதிப் புள்ளைங்களுக்குச் சொல்லிக்குடுக்கறப்பத் தொண்ட கட்டிப்போச்சே, சுடுதண்ணி குடிச்சா என்ன? உங்க அப்பா கேட்டா நான் என்னத்தச் சொல்லுவேன்?"

மூச்சு விடவில்லை. கூச்சக்காரன் பேசினால் சத்தம் எவ்வளவு வைப்பது என்று தெரியாது, நான் கத்திக்கொண்டிருந்தேன். செல்வம் இரண்டு வாக்கியம் மொழிபெயர்த்துவிட்டுக் கைவிட்டான். காட்டுக்காரர் களையெடுப்பதை நிறுத்திவிட்டு ஓடி வந்தார்: "ஏனுங்க, விருந்துக்கு வந்த புள்ளைய எதுக்குங்க திட்டறீங்க?"

ஹன்னாவின் கண்ணில் தண்ணீர் கொட்டியது. போச்சு, இன்றைக்கே கிளம்பிவிடுவாள் என்று என் தலை தானாகக் கீழே போனது. அப்போது அவள் சிரிக்கும் சத்தம் கேட்டது. கண்ணைத் துடைத்துக்கொண்டு, எங்கள் விடுதிப் பிள்ளைகளின் ராகத்திலேயே கேட்டாள்: "இத்தனையும் இத்தினி நாளா எங்க வெச்சிருந்தீங்க தாத்தா?"

ஹன்னா டிக்கெட்டை மாற்றவில்லை. ஆறு வாரமும் இருந்தாள். நான் ஒன்று சொன்னால் இரண்டு பதில் சொன்னாள். அடுத்த வருஷம் ஆறு பேரை அனுப்புகிறார்களாம்.

மூன்று வாரம் பேசாமல் ஒரு பெண்ணை அழவைத்து, பிறகு மூன்று நிமிஷம் பேசி மறுபடியும் அழவைத்த என்னைத்தான், அந்த ஆறு பேருக்கும் தகுந்த துணை என்று போதகர் எழுதி அனுப்பியிருக்கிறார்.