இருபத்தேழு கிராம் ரொட்டி

ஆண்ட்வெர்ப்பில் யூதர்களாகிய நாங்கள் வாழும் கீவிட் தெரு மீன்கடையில் வியாழக்கிழமை காலை வரிசையில் நின்றவர்கள் யாரும் ஹிந்தேயைப் பார்க்காமல் இருந்திருக்க முடியாது. எப்போதும் கடைசி ஆளாக நிற்பாள். முன்னால் இருப்பவர்கள் கெண்டையின் நடுத்துண்டுகளை வாங்கிக்கொண்டு போகட்டும் என்று பொறுமையாகக் காத்திருப்பாள். அவளுக்கு வேண்டியது மிஞ்சுகிற தலைகள்தான். "ஹிந்தே வந்தாச்சு, இன்னிக்கும் என் பூனை பட்டினி," என்பார் கடைக்காரர். "உங்க பூனைக்குச் சர்க்கரை வியாதியா என்ன? அது ரொட்டி திங்கட்டும்," என்பாள் அவளும் விடாமல்.

சர்க்கரை வியாதி அவள் கணவன் ஸன்வலுக்கு. முப்பது வருடம் ஒரு வைர அலுவலகத்தில் கல் தரம் பிரித்தவன். கண் மங்கியதும் அலுவலகம் கைகுலுக்கி வீட்டுக்கு அனுப்பிவிட்டது. போன வசந்தத்தில் இடதுகால் சுண்டுவிரலையும் எடுத்தாயிற்று. மகள்கள் இருவரும் கடல் தாண்டிக் கட்டிக்கொண்டு போனவர்கள், அவர்கள் வீட்டிலும் வாய்கள் அதிகம். ஹிந்தே நாலு வீட்டுக்குத் துணி தேய்த்துக் கொடுத்துதான் குடும்பம் ஓடியது.

மாவுச்சத்து கூடாது என்று மருத்துவமனையில் சொல்லி, ஓர் இளம்பெண் அவளிடம் ஒரு பட்டியலைக் கொடுத்தாள். மலிவாகச் சமாளிக்க எளிய வழிகள் என்று மேலே எழுதியிருந்தது. பன்றித் துண்டம், இறால், கொத்துக்கறிமேல் சீஸ், கோழிக்குப் பிறகு ஒரு கிண்ணம் தயிர். ஹிந்தே டிராமில் உட்கார்ந்து பென்சிலால் ஒவ்வொன்றாக அடித்தாள். பன்றியும் இறாலும் நம் வாசலிலேயே நுழையாது. கறியும் பாலும் ஒரு மேசையில் சேராது. கறி சாப்பிட்டால் ஆறு மணி நேரம் கழித்துத்தான் பால் பொருள் எதையும் தொட முடியும், அதற்குள் ஸன்வலுக்குத் தூக்கமே வந்துவிடும். டிராமை விட்டு இறங்கும்போது பட்டியலில் முட்டையும் முட்டைக்கோஸும்தான் மிச்சம்.

எங்கள் ஆட்களில் ஏழையாக இருப்பவன் வயிறு நிறைவது மாவால்தான், இதை யாரும் மறுக்க முடியாது. உருளைக்கிழங்கு, நூடுல்ஸ், ரொட்டி, ரவை. எங்கள் சட்டப்படி அறுத்த கோஷர் கோழியின் விலைக்கு வெளிக்கடையில் மூன்று கோழி வாங்கலாம். அப்படிப்பட்ட நிலைமையில் ஹிந்தே கோழிக்கழுத்தையும் கால்களையும் வேகவைத்தாள், உருளைக்கிழங்கு இருந்த இடத்தில் டர்னிப்பைப் போட்டாள், கோஸை நூல் நூலாக நறுக்கி நூடுல்ஸ் என்று பெயர் வைத்தாள். முட்டையை ஒவ்வொன்றாகக் கண்ணாடி டம்ளரில் உடைத்து வெளிச்சத்தில் பார்ப்பாள். ரத்தப் பொட்டு இருந்தால் சட்டப்படி கொட்டிவிட வேண்டும். கொட்டும்போது அவள் முகத்தைப் பார்த்தால் வீட்டில் யாரோ செத்துவிட்டது போலிருக்கும்.

புதன்கிழமை மாலைகளில் தருமச் சங்கத்திலிருந்து ஏழைகளுக்கு ஒரு பெட்டி வரும். அதிலும் அதே கிழங்கு, அதே நூடுல்ஸ், இரண்டு பின்னல் ரொட்டி, ஒரு கோழித்துண்டு. வேண்டாம் என்று சொல்ல ஹிந்தேக்குக் கூச்சம். பெட்டியைப் பிரித்து மாவுச் சமாச்சாரங்களை எல்லாம் அடுத்த தெருவில் தனியாக இருந்த பெரியவர் ரெப் ஃபிஷலிடம் கொண்டுபோய்க் கொடுப்பாள். எண்பத்தாறு வயது, மனைவி இல்லை, பிள்ளை இல்லை. பதிலுக்கு அவர் தன் பெட்டியிலிருந்த கோழியை எடுத்து நீட்டுவார். "எனக்கு ஏது பல்லு? ஸன்வலுக்குக் குடு," என்பார். ஹெரிங் மீனை முள்ளோடு மெல்லுகிற மனிதர் அவர். ஹிந்தேக்குத் தெரியும். தெரிந்தும் வாங்கிக்கொள்வாள். சரியாகச் சொன்னால், ஸன்வலின் உடம்பில் ஓடிய நல்ல ரத்தத்தில் பாதி அந்தக் கிழவருடைய கோழி.

இவ்வளவு செய்தும் ஞாயிற்றுக்கிழமை காலைகளில் மட்டும் சர்க்கரை எகிறியது. வெள்ளி மாலை ஓய்வுநாள் தொடங்கும்போதும் சனி காலையிலும் ரொட்டி இல்லாமல் முடியாது, அதனால் அந்த இரண்டு வேளைக்கும் ஹிந்தே வெள்ளியன்றே அளந்து வைத்துவிடுவாள். ஓர் ஆலிவ் காய் அளவு போதும் என்பது சட்டம். அது இருபத்தேழு கிராம் என்பது எங்கள் மதகுரு ரபியின் கணக்கு. அந்தக் காலத்து ஆலிவ் ரொம்பப் பெரிசு போல என்று ஸன்வல் கேலி செய்வான். வேலையை விட்டு வரும்போது அவன் கொண்டுவந்த வைரத் தராசில்தான் அவள் அதை நிறுப்பாள், ஒரு துணுக்கு கூடினாலும் கிள்ளி எடுத்துவிடுவாள். பிறகு எப்படி ஏறுகிறது?

இலையுதிர்காலக் கூடாரப் பண்டிகை முடிந்த வாரம் விடை கிடைத்தது. சனி சாயங்காலம் ஜெபக்கூடத்திலிருந்து வந்த ஸன்வலின் தாடியில், பின்னல் ரொட்டிமேல் தூவுகிற கசகசா ஒட்டியிருந்தது.

"இது என்ன? ஹெரிங் மீன் உன் தாடியில முட்டை போட்டுட்டுப் போயிருக்கா?" என்றாள்.

ஸன்வலுக்குப் பொய் சொல்ல வராது. சனிக்கிழமையின் மூன்றாவது சாப்பாட்டை ஆண்கள் கூடத்திலேயே சாப்பிடுவது வழக்கம். ஆனால் எங்கள் சின்னக் கூடத்தில் மற்றவர்கள் பெரிய இடங்களுக்குப் போய்விட, மேசையில் மிஞ்சியது மூன்றே பேர். ரெப் ஃபிஷல், கூடத்தைப் பெருக்கித் திறந்து பூட்டும் லேமல், ஸன்வல். மூன்று ஆண்கள் சேர்ந்து ரொட்டி சாப்பிட்டால், சாப்பாட்டுக்குப் பின் நன்றி சொல்லும் ஜெபத்தை ஒருவர் அழைக்க மற்றவர்கள் பதில் சொல்லிச் சேர்ந்து சொல்வார்கள். இரண்டு பேர் என்றால் அழைப்பு கிடையாது, அவரவர் வாய்க்குள் முணுமுணுத்துக்கொள்ள வேண்டியதுதான். வெள்ளரிக்காய் சாப்பிட்டவனைக்கூட மூன்றாவது ஆளாகச் சேர்த்துக்கொள்ளும் ஊர்கள் உண்டு. எங்கள் கூடத்தில் லேமல் விடமாட்டான்.

அழைக்கிறவர் எப்போதும் ரெப் ஃபிஷல்தான். வாரத்தில் ஆறு நாள் சுவரோடு பேசுகிற மனிதர், அந்த ஒரு நேரம் நிமிர்ந்து உட்கார்ந்து, "ஐயாமார்களே, நன்றி சொல்வோம்," என்பார். குரல் அப்படியே இருபது வயது குறைந்துவிடும். ஸன்வல் இதையெல்லாம் சொல்லிவிட்டு, அவர் தன் கையாலேயே பிய்த்துத் தருகிறார், ஒரு துண்டு உள்ளே போனால் பசித்த வயிறு இரண்டு ரொட்டிக்குக் குறைந்து நிற்க மாட்டேன் என்கிறது என்றான்.

ஹிந்தே கத்தவில்லை. அவன் காலிலிருந்து காலுறையைக் கழற்றினாள். விரல் இல்லாத இடத்துக்குப் பக்கத்தில் அடுத்த விரல் கறுக்கத் தொடங்கியிருந்தது. ஜனவரிப் பரிசோதனையில் சர்க்கரை இறங்காவிட்டால் அதையும் எடுப்பதாக மருத்துவர் சொல்லியிருந்தார். "இதை நீ பாரு. கண்ணு தெரியலன்னா தொட்டுப் பாரு," என்றாள்.

ஸன்வல் தொட்டுப் பார்த்தான். பிறகு, "இனிமே அந்த மூணாவது சாப்பாட்டுல ரொட்டி எனக்கு விலக்கு," என்றான்.

எங்கள் ஆட்கள் நாளைக்குப் பால் வாங்கி வருகிறேன் என்று சொல்வதற்குக்கூட முன்னால் "நேர்ச்சை இல்லாம" என்று ஒரு சொல் போட்டுக்கொள்வார்கள். அது இல்லாவிட்டால் சொன்னது கடவுளுக்கு நேர்ந்ததாக ஆகிவிடும், மீற முடியாது. மூன்று வயதிலிருந்து நாக்கில் ஒட்டிக்கொண்ட சொல். ஸன்வல் அன்று அதைச் சொல்லவில்லை. அந்தச் சொல் வராததை ஹிந்தே நன்றாகவே கவனித்தாள். மனைவி நேர்ந்துகொண்டால், கேட்ட நாளிலேயே அதைத் தள்ளிவிடக் கணவனுக்கு அதிகாரம் உண்டு. மனைவிக்கு அந்த அதிகாரம் இல்லை. ஆனால் "என்ன சொல்ற, அந்த வார்த்தையச் சொல்லு" என்று உடனே ஞாபகப்படுத்தியிருக்கலாம். அவள் வாயை மூடிக்கொண்டு காலுறையை மடித்தாள். நல்லதாகப் போயிற்று என்று அவளுக்குள் ஒரு மூலை சந்தோஷப்பட்டது. பின்னால் அவளைத் தின்றதும் அந்தச் சந்தோஷம்தான்.

ஸன்வல் வாக்கைக் காத்தான். மூன்றாவது சாப்பாட்டுக்குப் போனான், முட்டையும் ஹெரிங்கும் தின்றான், அவனைத் தாண்டி ரொட்டி லேமலிடம் போனது. முடிந்ததும் ரெப் ஃபிஷல் பழக்கதோஷத்தில் நிமிர்ந்து வாயைத் திறந்து, பிறகு மூடிக்கொண்டாராம். கிழவரும் லேமலும் தனித்தனியாக முணுமுணுத்தார்கள். இதை ஸன்வல் வீட்டில் ஒரே ஒரு தடவை சொன்னான்.

டிசம்பரில் ஒரு நாள் ரெப் ஃபிஷல் மூன்று மாடி ஏறி அவர்கள் வீட்டுக்கு வந்தார். ஸன்வல் கடைக்குப் போயிருந்த நேரமாகப் பார்த்து வந்திருந்தார். உட்காரவில்லை. தொப்பியைக் கையில் சுற்றிக்கொண்டே, மூன்று பேர் உட்கார்ந்து ஒரு நேர்ச்சையை அவிழ்த்துவிடலாம், ஐந்து நிமிட வேலை, ஆனால் நேர்ந்தவன் வருத்தப்படுகிறேன் என்று சொல்ல வேண்டும், ஸன்வல் சொல்ல மாட்டேன் என்கிறான் என்றார்.

"நீ போன்னு சொன்னா போவான் ஹிந்தே. நான் ரெண்டு ரொட்டி கேக்கல. ஆலிவ் அளவு போதும். நீயே நிறுத்துக் குடுத்தனுப்பு, மிச்சத்த நான் அவன் கண்ணுல காட்ட மாட்டேன்."

ஹிந்தேக்குத் தன் அடுப்பைப் பார்க்கத் தைரியம் வரவில்லை. அதன்மேல் அவருடைய கோழிதான் வெந்துகொண்டிருந்தது.

"ஜனவரி பதினாலு பரிசோதனை, ரெப் ஃபிஷல். அது ஒண்ணு முடியட்டும். அப்புறம் நானே அனுப்பறேன்."

"அதுவரைக்கும் எனக்கு புட்டேக்கு டிக்கெட் போடாம இருக்கணுமே," என்று சிரித்தார். புட்டேயில்தான் எங்கள் ஆட்களைப் புதைக்கிறார்கள்.

"நீங்க எங்கள எல்லாம் அனுப்பிட்டுத்தான் போவீங்க."

அவர் தலையாட்டிவிட்டு இறங்கினார். ஒவ்வொரு படிக்கும் இரண்டு கால்களையும் சேர்த்து வைத்து இறங்கும் சத்தம் கீழ்வரை கேட்டது. அந்த வாரமும் அவர் கோழி தந்தார். அடுத்த வாரமும் தந்தார்.

பதினாலாம் தேதி வியாழக்கிழமை. மருத்துவர் காகிதத்தைப் பார்த்துவிட்டு இன்னொரு தடவை பார்த்தார். சர்க்கரை இறங்கியிருந்தது, விரலுக்கு ஆபத்தில்லை. என்ன மருந்து சாப்பிட்டீர்கள் என்று கேட்டார். மீன் தலை என்றாள் ஹிந்தே. டிராமில் அவளுக்கு உட்காரவே முடியவில்லை. நேராக ரெப் ஃபிஷல் வீட்டுக்குப் போய், நாளைக்கே நேர்ச்சையை அவிழ்க்க ஆள் சேருங்கள் என்று சொல்லிவிடுவது என்று மனத்துக்குள் வாசகம்கூட எழுதிவிட்டாள். ஸன்வலிடம் சொல்லவில்லை, கிழவர் வாயாலேயே அவன் கேட்கட்டும் என்று.

ஸன்வலை வீட்டுக்கு அனுப்பிவிட்டு அவள் போனபோது கிழவர் வீட்டு வாசலில் லேமல் நின்றிருந்தான். காலை ஜெபத்துக்கு வரவில்லை என்று பார்க்க வந்தானாம். படுக்கையிலேயே போயிருந்தார். மேசைமேல் முந்தின நாள் வந்த தருமச் சங்கத்துப் பெட்டி பிரித்தபடி கிடந்தது, அதன்மேல் கோழித்துண்டு மட்டும் தனியாக எடுத்து ஒரு காகிதப்பையில் கட்டி வைத்திருந்தது.

அன்று மாலைக்குள் புட்டேயில் புதைத்துவிட்டார்கள். இறந்தவருக்காகப் பிள்ளைகள் சொல்லும் கத்தீஷ் ஜெபத்தை அவருக்குச் சொல்ல யாரும் இல்லாததால் ஸன்வல் ஏற்றுக்கொண்டான். வெள்ளிக்கிழமை காலை ஜெபம் முடிந்ததும், கிழவர் கேட்டதைக் காலம் கடந்தாவது செய்வதுபோல, அவனே யாரும் கேட்காமல் மூன்று பேரை உட்காரவைத்து, வருத்தப்படுகிறேன் என்று சொல்லி, நேர்ச்சையை அவிழ்த்துக்கொண்டு வந்தான். அதை ஹிந்தேயிடம் சொன்னபோது அவன் முகத்தில் கோபமே இல்லை. கோபப்பட்டிருந்தால் அவளுக்கு நன்றாக இருந்திருக்கும்.

அவள் தராசை எடுத்தாள். இருபத்தேழு கிராம். கிள்ளி எடுக்கவில்லை, முப்பதாகவே இருந்தாலும் இருக்கட்டும் என்று விட்டுவிட்டாள். வெள்ளைத் துணியில் மடித்து, சனி மாலை தானே கூடத்துக்கு எடுத்துப் போனாள். பெண்கள் உள்ளே உட்கார மாட்டார்கள், அதனால் பக்கத்துச் சின்னச் சமையலறை வாசலில் நின்று ஸன்வலைக் கூப்பிட்டு நீட்டினாள். மேசையில் லேமல் மட்டும் இருந்தான்.

ஸன்வல் பிரித்துப் பார்த்தான். "ரெண்டு பேருக்கு இது எதுக்கு ஹிந்தே?" என்றான்.

அவள் அப்போதுதான் சொன்னாள். "அன்னிக்கு நீ அந்த வார்த்தைய விட்டுட்ட. எனக்கு அப்பவே தெரியும். தெரிஞ்சுதான் பேசாம இருந்தேன்."

"நானும் தெரிஞ்சுதான் விட்டேன்," என்றான் ஸன்வல். "சொல்லியிருந்தா அவர் ரொட்டிய நீட்டும்போது நான் வாங்கியிருப்பேன். நீ நிம்மதியா தூங்கணும்னுதான் விட்டேன்." துணியை அவன் பழையபடி மடித்தான். "ஆனா ஒரு நாள் நீயே வந்து, போய் அவுத்துட்டு வான்னு சொல்லுவன்னு நெனச்சேன். ஒவ்வொரு சனிக்கிழமையும் நெனச்சேன்."

ஹிந்தே அழுதாள், சத்தம் இல்லாமல், கதவைப் பிடித்துக்கொண்டு. அவன் ரொட்டியோடு உள்ளே போனான். வீணாக்கக் கூடாது என்று அதைச் சாப்பிட்டிருக்க வேண்டும், ஏனென்றால் கொஞ்ச நேரத்தில் நன்றி ஜெபம் தொடங்கியது. யாரும் யாரையும் அழைக்கவில்லை. லேமல் முதலில் முடித்துவிட்டு நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்தான். ஸன்வல் அப்போதுதான் பாதிக்கு வந்திருந்தான்.