முதலிடத்தில் இருந்த இசைத்தட்டு

நான் ஊரைவிட்டுக் கிளம்பியது ஒரு செவ்வாய்க்கிழமை. வழியனுப்பச் சித்தப்பா வரவில்லை. ஒரு இசைத்தட்டை மூன்றாம் முறையாகக் கேட்டுக்கொண்டிருந்தார். மூன்று முறை கேட்காத எதையும் அவர் தன் பட்டியலில் சேர்ப்பதில்லை.

அவர் லிஃப்ட் மெக்கானிக். மூடிய கதவில் காதை வைத்தே எந்த பேரிங் தேய்ந்திருக்கிறது என்று சொல்லிவிடுவார். வருஷக் கடைசியில் அவருக்குப் பிடித்த பத்து ரெக்கார்டுகளின் பட்டியல் ரெக்கார்டுக் கடைச் சுவரில் ஏறும். அதைப் பார்த்துத்தான் பலரும் வாங்குவார்கள்.

இரண்டு வருஷம் கழித்துத் திரும்பி வந்து அந்தச் சுவரைப் பார்த்தேன். முதலிடத்தில் ஒரு பாடகி. "ஈரமணல் மூட்டையைச் சுமந்து படியேறும் குரல். அவசரமே இல்லை" என்று எழுதியிருந்தார். அவளை ஒரு துறைமுக ஊரில் நேரில் கேட்டிருக்கிறேன். கீச்சுக்குரலில் துள்ளித் துள்ளிப் பாடுவாள்.

கடையில் விற்பனைக்கு இருந்த அவள் தட்டை உறையிலிருந்து உருவிப் பார்த்தேன். லேபிள் ஓரத்தில் பொடி எழுத்தில் 45. பெரிய தட்டுகள் பெரும்பாலும் நிமிஷத்துக்கு முப்பத்துமூன்று சுற்று ஓடும். இது நாற்பத்தைந்து. கண்ணாடி போட மாட்டேன் என்று அடம்பிடிக்கும் மனிதர், வருஷம் முழுக்க இதைத் தவறான வேகத்தில் ஓட்டியிருக்கிறார்.

சனிக்கிழமை மத்தியானம் அவர் வீட்டில் வழக்கமான கூட்டம். கடைக்காரரும் இன்னும் மூன்று பேரும். தட்டு மெதுவாக முனகிக்கொண்டிருந்தது.

"என்ன கனம் பாத்தியா, ஊர்சுத்தி?" என்றார் கடைக்காரர்.

நான் எழுந்துபோய் வேகத்தை மாற்றினேன். குரல் துள்ளியது.

"அட, இது இன்னும் ஜோரா இருக்கே!" என்றார் அதே கடைக்காரர், மூச்சுகூட விடாமல். மற்ற மூன்று தலைகளும் ஆடின.

சித்தப்பாவின் காதுமடல் மட்டும் சிவந்தது. "தெரியாமயா போட்டேன்? வேணும்னுதான் மெதுவா வெச்சேன். அப்பத்தான் குரலோட அடி தெரியும்."

"பொய் சொல்லாதீங்க, சித்தப்பா."

"நாலு ஊரு பாத்துட்டா, பாட்டு கேக்க எனக்கே கத்துக்குடுப்பியா?"

"அதானே, நல்லா கேளுங்கண்ணே," என்றார் கடைக்காரர்.

தப்பு யாருக்கும் வரும். அந்தத் தப்புக்கு உடனே ஜரிகை கட்டிய சித்தப்பாவின் வாய்தான் அருவருப்பாக இருந்தது. அவர் காதை நம்பித்தான் நான் பாட்டு கேட்கவே ஆரம்பித்தேன். குடிக்காத தேநீரை அப்படியே வைத்துவிட்டு வெளியே வந்தேன். அடுத்த வாரமே மறுபடி மூட்டை கட்டினேன்.

ஏழு மாதம் கழித்து, ஒரு பேருந்து நிலையத்தில் நின்றபோது அவரிடமிருந்து செய்தி வந்தது.

"அன்னிக்குச் சொன்னது பொய். அந்த நம்பரை நான் பாக்கவே இல்ல. இப்ப கண்ணாடி வாங்கிட்டேன். சரியான வேகத்துல மூணு தடவ கேட்டேன், சகிக்கல. பழைய லிஸ்ட்ட நானே போய்க் கிழிச்சுட்டு, முதலிடத்த காலியா விட்டுப் புதுசு ஒட்டியிருக்கேன். கடைக்காரன் என்கூடப் பேசறதில்ல. மெதுவா வெச்சு மட்டும் இப்பவும் கேக்கறேன். அத யார்கிட்டயும் சொல்லாத."