குழிக்குள் போன குருத்தோலை

ஐந்தாம் வகுப்பு படிக்கும்போது எனக்கு வாழ்க்கையில் ஒரே லட்சியம்தான். பள்ளிக்கூட மணியை அடிக்க வேண்டும். மணி என்றால் வேப்பமரத்தில் கட்டித் தொங்கவிட்ட ஒரு தண்டவாளத் துண்டு. பியூன் அதை இரும்புக் கம்பியால் அடித்தால் தேவராஜ மார்க்கெட் வரைக்கும் கேட்கும் என்று நாங்கள் நம்பினோம். எங்களுக்கு அதைத் தொடக்கூட அனுமதி கிடையாது.

எங்கள் பள்ளிக்கூடமும் மாதா கோயிலும் ஒரே காம்பவுண்டுக்குள் இருந்தன. மைசூரில் மரத்துக்கா பஞ்சம்? உதிரும் இலையைத் தினமும் கூட்டிக் குவித்துத் தீ வைப்பார்கள். புகை வகுப்புக்குள் புகுந்து கண்ணைக் கரிக்கும். தொண்ணூறுகளின் நடுவில் புதிதாக வந்த தலைமை சிஸ்டர் முதலில் அதைத்தான் நிறுத்தினார். கடவுள் கொடுத்த இலையைப் புகையாக்கி அவருக்கே திருப்பி அனுப்புவது மரியாதையில்லை என்றார். கை கழுவும் தண்ணீரை வாய்க்கால் வெட்டி வாழைக்குத் திருப்பினார். டிபனைப் பிளாஸ்டிக் கவரில் கொண்டுவந்தவர்களை அந்தக் கவரோடு வீட்டுக்கே அனுப்பிவைத்தார். கடைசியாக, மைதானத்தின் கோடியில் வகுப்புக்கொன்றாக உரக்குழி வெட்டச் சொன்னார். தவக்காலம் தொடங்கும் திருநீற்றுப் புதனன்று எந்தக் குழி அதிகம் நிரம்பியிருக்கிறதோ அந்த வகுப்பு ஒரு வாரம் மணியடிக்கலாம். ஒரே நிபந்தனை, போட்டதைத் தோண்டக் கூடாது. தோண்டினால் போட்டியிலிருந்து வெளியே.

அன்றிலிருந்து எங்கள் வகுப்புக்குப் பேய் பிடித்துவிட்டது. நான் ஜட்கா வண்டிக் குதிரைகளின் பின்னால் செருப்புப் பெட்டியோடு ஓடினேன். அம்மா காய் நறுக்கி முடிக்கும் முன்பே தோலுக்குக் கையை நீட்டிக்கொண்டு நிற்பேன். முட்டைக்கோஸின் நல்ல இலையைக்கூட வாடிப்போச்சு என்று சாதித்துப் பிடுங்கிக்கொண்டதுண்டு. இவ்வளவு செய்தும் ஆறாம் வகுப்பின் குழி எங்களுடையதைவிட நான்கு விரல் உயரமாக இருந்தது. எனக்குச் சோறு இறங்கவில்லை.

என் பெரியப்பாதான் மாதா கோயிலில் கோயில்பிள்ளை. மெழுகுவர்த்தி ஏற்றுவது, பூசைக்கு வேண்டியதை எடுத்துவைப்பது எல்லாம் அவர் வேலை. கோயிலின் பின்கட்டில் அவர் ஒரு கோணிமூட்டை வைத்திருந்தார். உள்ளே முழுக்கக் காய்ந்த தென்னங்குருத்து. அதைச் செவ்வாய்க்கிழமை எரிக்கப்போவதாக அவர் அம்மாவிடம் சொன்னது என் காதில் விழுந்தது. எரிப்பதா? சிஸ்டருக்குத் தெரிந்தால் என்னாவது? மூட்டையை நான் எடுத்துக்கொண்டால் பெரியப்பாவைத் திட்டிலிருந்து காப்பாற்றியதாகவும் இருக்கும், குழியும் உயரும். ஒரே கல்லில் இரண்டு மாங்காய். வெள்ளிக்கிழமை சாயங்காலம் நானும் இரண்டு தோழிகளும் மூட்டையை இழுத்துப்போய்க் குழியில் கொட்டிப் பரப்பி, மேலே இலையும் சாணியும் போட்டு மூடினோம். ஆறாம் வகுப்பை இரண்டு விரல் தாண்டிவிட்டோம். அன்று வீட்டுக்கு நான் நடந்து போகவில்லை, பறந்தேன்.

அது என்ன ஓலை என்று எனக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை. போன வருடக் குருத்து ஞாயிறன்று மந்திரித்துக் கொடுத்த ஓலையை வீட்டுக்கு வீடு சாமி படத்துக்குப் பின்னால் செருகி வைத்திருப்பார்கள். மறுவருடம் அதையெல்லாம் திரும்ப வாங்கி எரித்துத்தான் திருநீற்றுப் புதனுக்குச் சாம்பல் எடுப்பது வழக்கம். இரண்டு வாரம் சைக்கிளில் வீடுவீடாக அலைந்து பெரியப்பா சேர்த்த மூட்டை அது. நானோ சாம்பல் ஏதோ கடையில் விற்கிறது என்றிருந்தேன்.

செவ்வாய்க்கிழமை பள்ளிக்கூடம் விட்டதும் போய்ப் பார்த்தால், பெரியப்பா தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால், பெஞ்சுக்கு அடியில் என்று தேடிக்கொண்டிருந்தார். கடைசியில் கோயில் படியில் உட்கார்ந்து துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"நாளைக்கு அத்தன ஜனம் வந்து நெத்தியக் காட்டுமே, நான் எத எடுத்துக் குடுப்பேன்," என்றார். என்னிடம் சொல்லவில்லை, பொதுவாகச் சொன்னார்.

வாயை மூடிக்கொண்டிருந்தால் மணி எங்களுடையது. கொஞ்ச நேரம் மூடிக்கொண்டுதான் இருந்தேன். பிறகு தாங்காமல் ஓவென்று அழுது, மூட்டை, குழி, இரண்டு விரல், தோண்டக் கூடாத நிபந்தனை, மணி எல்லாவற்றையும் ஒரே மூச்சில் கொட்டிவிட்டேன்.

அவர் எழுந்து குழியருகே வந்தார். ஓரமாக முழங்கைவரை கையை உள்ளே விட்டுத் துழாவினார். சிஸ்டர் பார்த்துவிடப்போகிறாரே என்று நான் நாலு பக்கமும் பார்த்தேன். அந்த நேரத்திலும் என் கவலை அதுதான். அவர் கையை வெளியே எடுத்து மண்ணைத் தட்டிக்கொண்டார்.

"எல்லாம் மக்கிப்போச்சு கண்ணு. இனி எதுக்கும் ஆகாது. வா, சைக்கிள்ல ஏறு."

குழி பிழைத்தது! கண்ணீர் காயும் முன்பே எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. மொஹல்லாத் தெருக்களிலிருந்து அக்ரஹாரம் வரை பெரியப்பா மிதித்த மிதியை இப்போது நினைத்தாலும் காற்று முகத்தில் அடிக்கிறது. ஒவ்வொரு வாசலிலும் இறங்கிக் கும்பிட்டு, "மூட்டைய எங்கயோ வெச்சுத் தொலச்சிட்டேன், என் தப்புதான். ஓலை துண்டு கிண்டு மிச்சம் இருக்குதுங்களா?" என்று கேட்டார். ஒரு நர்ஸ் அக்கா மெத்தைக்கு அடியிலிருந்து ஒரு ஓலைச் சிலுவையை எடுத்துக் கொடுத்தார். ஒரு தையல்காரர் அளவு நோட்டில் பக்க அடையாளத்துக்கு வைத்திருந்ததை உருவிக் கொடுத்தார். ஒரு வீட்டில், கோயில்பிள்ளைக்கே ஓலைப் பஞ்சமா என்று சிரித்தார்கள். பெரியப்பாவும் கூடச் சிரித்தார். இவ்வளவு அழகாகப் பொய் சொல்லும் பெரியவர் நமக்கு வாய்த்திருக்கிறாரே என்று எனக்கு ஒரே பெருமை. வெயில் இறங்கும்போது பையில் ஒரு கைப்பிடி சேர்ந்திருந்தது. எரித்தபோது தேங்காய்ச் சிரட்டையில் பாதிகூட இல்லை.

மறுநாள் பாதர் ஒவ்வொரு நெற்றியிலும் பொட்டளவுக்குத்தான் சாம்பல் வைத்தார். தட்டை ஏந்தி நின்றது பெரியப்பா. கூட்டம் முடிந்ததும் அவர் தட்டைப் பார்த்தார், கவிழ்த்தார், உள்ளே போய்விட்டார். அவர் நெற்றி வெறுமையாக இருந்தது. வேர்வையில் அழிந்துவிட்டது போலிருக்கிறது என்று நினைத்தேன், அதற்குமேல் நினைக்க எனக்கு நேரமில்லை. சிஸ்டர் ஸ்கேலோடு மைதானத்துக்குக் கிளம்பியிருந்தார்.

இரண்டு விரல் வித்தியாசத்தில் ஜெயித்தோம். முதல் அடி என்னுடையது. கை மரத்துப்போகும்வரை அடித்தேன். கோயில் வாசலில் நின்று பெரியப்பா இரண்டு காதையும் பொத்திக்கொண்டு சிரித்தார்.

போன வருடம் என் வீட்டுத் தோட்டத்தில் ஒரு உரக்குழி போட்டேன். தென்னை ஓலையும் அதில் விழுந்தது. ஒரு மாதம் கழித்துக் கிளறினால் காய்த்தோல், இலை எல்லாம் மண்ணோடு மண்ணாகியிருக்க, ஓலை மட்டும் போட்டது போட்டபடி கிடந்தது. அலம்பி வெயிலில் போட்டால் அன்றைக்கே எரிக்கலாம் போலிருந்தது.

பெரியப்பா கையை விட்டுத் துழாவிய அன்று, ஓலை குழிக்குள் விழுந்து நாலு நாள்தான் ஆகியிருந்தது.